எழுதப்படாத எல்லை: நிரல் நூலகங்களின் அரைகுறை ஆவணங்கள் பற்றி ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இங்கே மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் இருந்து தினமும் பாலம் கடந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வருகிறீர்கள். சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாக்களுக்குச் சான்றிதழ் அச்சிடும் மென்பொருள் உங்கள் பொறுப்பு. பெயர் நீண்டுவிட்டால் 20 எழுத்தோடு வெட்டித் தருவதற்கு ஒரு நிரல் நூலகத்தின் (மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு) செயற்கூற்றை, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் துண்டை, பயன்படுத்தினீர்கள். 'முருகன் சுப்பிரமணியம்' போன்ற பெயர் 'முருகன் சுப்பிரமணியம' என்று கடைசிப் புள்ளி இல்லாமல் அச்சாகி வந்தது. நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் ஆவணத்தில் அந்தச் செயற்கூற்றுக்கு இருப்பது ஒரே வரி: 'உரையைக் கொடுத்த நீளத்துக்கு வெட்டும்.' மூத்தவரிடம் கேட்டால் "மூல நிரலைப் படி" என்றார். இரண்டு நாள் படித்தும் பிடிபடவில்லை. இப்படிப்பட்ட அரைகுறை ஆவணங்கள் நம்மை என்ன செய்கின்றன என்றும் கேட்டுவிட்டு, "எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லையோ, அக்கா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது மனத்தை அரித்துக்கொண்டிருந்தால் மற்ற எதுவும் உள்ளே இறங்காது. உங்களுக்குத் தகுதி இருக்கிறது. ஒரு மாணவன் பெயரில் புள்ளி விடுபட்டதைப் பார்த்துப் பதறினீர்களே, இந்தத் தொழிலுக்கு முதலில் வேண்டியது அந்தக் கண்தான். குறை அந்த ஒரு வரி ஆவணத்தில் இருக்கிறது. பினாங்கில் 22 ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, காரணத்தைக் காட்டுகிறேன்.

அந்த வரியில் 'நீளம்' என்று ஒரு சொல் இருக்கிறது. எதனால் அளந்த நீளம்? பள்ளியில் படித்தபடி எண்ணினால் மு, ரு, க, ன் என நான்கு எழுத்து. சுப்பிரமணியம் எட்டு எழுத்து. நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்தால் 13. இருபதுக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் உயிர்மெய் ஒரே துண்டாகச் சேமிக்கப்படுவதில்லை. 'மு' என்பது மகரத்துக்கு ஒரு குறியெண், உகரக் குறிக்கு இன்னொரு குறியெண். 'ன்' என்பது னகரமும் புள்ளியும். இப்படி எண்ணினால் முருகன் 7, சுப்பிரமணியம் 13, இடைவெளி 1, மொத்தம் 21. இருபதில் கத்தி வைத்தால் இருபத்தோராவது இடத்தில் நிற்கும் புள்ளி போய்விடும். உங்கள் சான்றிதழில் நடந்தது இதுதான். அந்தக் குறியெண்களைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இதே பெயரைப் பைட்டுகளாக (கணினியின் சேமிப்பு அலகு) எண்ணினால், தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 60, இடைவெளிக்கு ஒன்று, ஆக 61.

ஒரே பெயருக்கு 13, 21, 61 என்று மூன்று நீளங்கள். மூன்றும் சரி. ஸ்விஃப்ட் என்ற நிரல்மொழியைக் கேட்டால் 13 என்கிறது. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 21 என்கின்றன. ரஸ்ட் 61 என்கிறது. அந்த மொழிகளின் ஆவணங்கள் தாங்கள் எதை எண்ணுகிறோம் என்பதை எழுதி வைத்திருக்கின்றன. ஆரக்கிள் தரவுத்தளத்தில் வழக்கமான அமைப்பில் அட்டவணையின் ஒரு நெடுவரிசைக்கு 20 என்று அகலம் கொடுத்தால் அது 20 பைட். 'முருகன்' என்ற பெயரே 21 பைட் என்பதால் உள்ளே நுழையாது. அதுவும் எழுதப்பட்டிருக்கிறது, மாற்றுவதற்கான வழியும் அதே பக்கத்தில் இருக்கிறது. படித்தவர் தப்பித்துக்கொள்ளலாம். உங்கள் நூலகத்தில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

ஏன் எழுதவில்லை என்று யோசித்துப் பாருங்கள். சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. ஒட்டுக்குறி இல்லாத ஓர் ஆங்கிலப் பெயரை எந்த முறையில் எண்ணினாலும் ஒரே விடை வரும். அதை எழுதியவருக்கு நீளம் என்பது ஒன்றுதான். இரண்டாவது ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு எழுந்திருக்காது. நல்ல ஆவணம் எது, மோசமான ஆவணம் எது என்று பலர் பல அளவுகோல் சொல்வார்கள். என் அளவுகோல் ஒன்றுதான். எழுதாமல் விட்ட இடங்களில் எழுதியவருடைய ஊர் ஒளிந்திருக்கிறது. அவருடைய மொழி, அவருடைய நாணயம், அவருடைய நாட்காட்டி, அவருடைய பெயரிடும் வழக்கம் எல்லாம் அந்த வெற்றிடத்தில் இருக்கின்றன. அந்த ஊரில் இருந்து நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோமோ அவ்வளவு பலமாக நமக்கு அடி விழுகிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் பதிவுகளைப் பழைய மென்பொருளில் இருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மாற்றி முடித்துச் சரிபார்த்தபோது நூற்றுக்கணக்கான பேரின் பிறந்த தேதி ஒரு நாள் முன்னதாக இருந்தது. நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதி என்பதால் பொருந்தாமை உடனே கண்ணில் பட்டது. எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. இளையவர்கள் சரியாக இருந்தார்கள், மூத்தவர்கள் மட்டும் தவறினார்கள். நாங்கள் பயன்படுத்திய தேதி நூலகத்தின் ஆவணத்தில் 'நேரத்தை உள்ளூர்த் தேதியாக மாற்றும்' என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

ஒன்பது நாள் தேடினோம். என் நிரலில்தான் தவறு என்று நான் உறுதியாக நம்பினேன். இரண்டு முறை முழுவதையும் அழித்து எழுதினேன். இரவு பதினொரு மணிக்கு ஜார்ஜ்டவுன் வீட்டுக்குத் திரும்பும்போது, நாளை விலகல் கடிதம் கொடுத்துவிடலாமா என்று யோசித்த நாளும் உண்டு. பத்தாம் நாள் காலை, ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் என் பட்டியலைப் பார்த்தார். தவறிய தேதிகள் எல்லாம் 1981 முடிவதற்குள் இருப்பதைக் கவனித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த வருடக் கடைசி இரவு பதினொன்றரைக்கே புத்தாண்டு பிறந்துவிட்டது, தங்கச்சி. கடிகாரத்தை நாங்களே தள்ளி வைத்தோம்."

உண்மைதான். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 முடியும் வரை யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. சபாவும் சரவாக்கும் எட்டு மணி நேரம் முன்னால் இருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பமும் எட்டுக்கு மாறியது. 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30க்கும் 12க்கும் இடைப்பட்ட அரை மணி நேரம் இங்கே இருக்கவே இல்லை. எங்கள் பழைய மென்பொருள் எல்லாப் பிறந்த தேதிகளையும் எட்டு மணிக் கணக்கில் நள்ளிரவு 12 என்று சேமித்திருந்தது. புதிய நூலகம் 1975இல் பிறந்தவருக்கு 1975ஆம் ஆண்டின் ஏழரை மணிக் கணக்கைப் போட்டது. நள்ளிரவு 12 முந்தைய நாள் இரவு 11.30 ஆனது. தேதி ஒன்று குறைந்தது.

நூலகம் தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அது நம் வரலாற்றை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தது. உலகின் பெரும்பாலான கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இருந்து அந்த அறிவு வந்தது. அந்தத் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். எண்களுக்கு இணையாகக் குறிப்புகள் நிறைந்திருக்கும். எந்த நாடு எப்போது ஏன் மாற்றியது, எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறோம், எங்கே ஐயம் இருக்கிறது என்றெல்லாம் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். ஆவணம் எழுதுவதை ஒரு தவமாகச் செய்த மனிதர்களின் உழைப்பு அது. அதன் மேல் கட்டப்பட்ட நூலகம் 'பழைய தேதிகளுக்கு அந்தந்தக் காலத்தின் நேர வேறுபாடு பயன்படுத்தப்படும்' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை. திருத்தம் இரண்டே வரி. அதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாளும், ஒரு மூத்தவரின் நினைவும் வேண்டியிருந்தது. அந்த அண்ணன் அந்த மாதம் விடுமுறையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

பெயர் விஷயம் உங்களுக்கே தெரிந்ததுதான். 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் மலாய்ச் சொற்களான அனாக் லெலாகியை 'ஏ/எல்' என்று சுருக்கி எழுதும் நம் பெயர்களில் உள்ள சாய்கோட்டை எத்தனையோ நூலகங்கள் கோப்பின் பாதை என்று எடுத்துக்கொள்கின்றன, அல்லது செல்லாத குறி என்று தள்ளுகின்றன. குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது ஒரு நூலகம்; நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. எதை ஏற்பேன், எதைத் தள்ளுவேன் என்று ஆவணத்தில் ஒரு பத்தி இருந்தால் முதல் நாளே வேறு வழி தேடிக்கொள்வோம்.

காசுக் கணக்கும் அப்படித்தான். 2008 ஏப்ரல் 1 முதல் இங்கே ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறோம். 1, 2 என்று முடிந்தால் கீழே, 3, 4 என்றால் ஐந்துக்கு, 6, 7 என்றால் மீண்டும் ஐந்துக்கு, 8, 9 என்றால் மேலே பத்துக்கு. அட்டையில் கட்டினால் இந்த விதி இல்லை. கடைக்காரர் விரல் நுனியில் வைத்திருக்கும் இந்தக் கணக்கை 'அருகில் உள்ள மதிப்புக்கு முழுமையாக்கும்' என்று மட்டும் சொல்லும் ஒரு செயற்கூற்றிடம் ஒப்படைக்கும்போது ஆயிரம் கேள்வி எழுகிறது. சரிபாதியில் நின்றால் மேலே போகுமா, கீழே போகுமா? பைத்தானின் ஆவணம் இந்த இடத்தில் எவ்வளவு நேர்மையாக இருக்கிறது என்று பாருங்கள். சரிபாதியில் நின்றால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் போவேன் என்று சொல்கிறது. 2.675 என்ற எண்ணை இரண்டு தசம இடத்துக்குக் கேட்டால் 2.68 வராது, 2.67 வரும், இது பிழை அன்று என்று எச்சரிக்கிறது. காரணத்தையும் சொல்கிறது. படித்தவுடன், பணக் கணக்குக்கு இது உதவாது, வேறு கருவி எடுக்க வேண்டும் என்று புரிந்துவிடுகிறது. தன் எல்லையைத் தானே சொல்லும் ஆவணம் இது.

'எல்லை' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே எடுத்தேன். நம் மரபில் ஒரு நூலுக்கு முன்னுரையாகப் பாயிரம் வேண்டும் என்று நன்னூல் சொல்கிறது. அதில் இருக்க வேண்டியவை எட்டு: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எல்லை என்றால் அந்த நூல் எந்த நிலப்பரப்பில் வழங்குகிறது என்பது. கேட்போர் என்றால் அது யாருக்காக எழுதப்பட்டது என்பது. இன்று நிரல் நூலகங்களின் முகப்பில் இருக்கும் ரீட்மி என்ற அறிமுகக் கோப்பை இந்த எட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக்கியோன் பெயர் இருக்கும், நூற்பெயர் பெரிதாக இருக்கும், பயன் சற்று மிகையாகவே இருக்கும். எந்த நூலகத்தின் வழி எழுந்தது என்பதுகூட இருக்கும். எல்லையும் கேட்போரும்தான் காணாமல் போகும். பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்று பவணந்தி முனிவர் கண்டிப்பாகச் சொன்னபோது அவர் மனத்தில் இலக்கணம்தான் இருந்தது. நான் அதை நிரலுக்கும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

கணினி உலகத்துக்கும் இது புதிதன்று. 1971 நவம்பர் 3 தேதியிட்ட, யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கையேட்டின் முதல் பதிப்பிலேயே, பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றோடு 'பிழைகள்' என்று ஒரு தலைப்பு உண்டு. எழுதியவர்களே தங்கள் கட்டளையின் குறையைத் தங்கள் கையால் எழுதி வைத்தார்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளம் இன்றும் அந்த வழியில் நிற்கிறது. தன் விநோதங்களைப் பட்டியலிட ஒரு தனிப் பக்கம், எந்த இடத்தில் தன்னைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் இன்னொரு பக்கம். அதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. யாரோ ஒருவர் என் நேரத்தை மதித்திருக்கிறார் என்று தோன்றியது.

இனி, இந்தக் குறை நம்மை என்ன செய்கிறது என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. நேரம் வீணாகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது நீங்கள் இப்போது நிற்கும் இடம். ஆவணம் பேசாமல் இருக்கும்போது புதியவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார். அனுபவம் உள்ளவர் 'ஆவணம் சரியில்லை' என்று ஐந்து நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிடுகிறார், ஏனென்றால் நல்ல ஆவணம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். புதியவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை. அதிலும் நம்மைப் போல வீட்டில் தமிழ், தமிழ்ப்பள்ளியில் தமிழோடு மலாய், பிறகு மலாய், கடைசியில் ஆங்கிலம் என்று வந்தவர்களுக்கு இரட்டைச் சந்தேகம். 'எனக்கு ஆங்கிலம் போதவில்லையோ, அதனால்தான் புரியவில்லையோ' என்று நினைத்துக் கேள்வி கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியை ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர் நூறு முறை படித்தாலும் எதனால் அளந்த நீளம் என்பது தெரியாது. அங்கே சொல்லப்படாததை எந்த மொழிப் புலமையும் வெளியே எடுக்காது.

அடுத்தது, கேட்க இடமில்லாதபோது கிடைத்ததை ஒட்டுகிறோம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 54 ஆண்ட்ராய்டு நிரலாளர்களைச் சில குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அதிகாரப்பூர்வ ஆவணம் மட்டும், ஒரு குழுவுக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் இணையதளம் மட்டும், ஒரு குழுவுக்குப் புத்தகம் மட்டும், இன்னொரு குழுவுக்கு விருப்பம்போல். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை மட்டும் பார்த்தவர்களின் நிரல் கூடுதலாக ஓடியது, ஆனால் பாதுகாப்பு குறைவாக இருந்தது. அதிகாரப்பூர்வ ஆவணத்தை மட்டும் பார்த்தவர்கள் பாதுகாப்பாக எழுதினார்கள், ஆனால் வேலையை முடிக்கத் திணறினார்கள். இரண்டாவது பாதிதான் என்னை உறுத்துகிறது. சரியான செய்தி ஆவணத்தில் இருந்தது, ஆனால் வேலைக்கு உதவும் வடிவில் இல்லை. அதனால்தான் மக்கள் வேறு இடம் போகிறார்கள்.

பாதுகாப்பில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொன்று. இணையம் வழியே தரவு பரிமாற உதவும் கர்ல் நூலகத்தில், எதிரே உள்ள சர்வர் தான் சொல்லும் சர்வர்தானா என்று அதன் மின்னணுச் சான்றிதழைச் சரிபார்க்க ஓர் அமைப்பு உண்டு. முழுமையாகச் சரிபார்க்க அதற்கு 2 என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். பலர் இயல்பாக 'ஆம்' என்று கொடுத்தார்கள். பிஎச்பி போன்ற மொழிகளில் 'ஆம்' என்பது 1 ஆகிவிடும். அந்நாளில் 1 என்றால் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், பெயர் பொருந்துகிறதா என்று பார்க்காது. பாதுகாப்பை இயக்கிவிட்டோம் என்று நம்பியே அணைத்து வைத்தார்கள். பணம் கட்டும் மென்பொருள்கள்கூட இதில் சிக்கியிருந்ததை 2012இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 2 என்று ஆவணத்தில் எழுதித்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, கண்ணில் படும்படி, தவறு நேரும் இடத்தில் எழுத வேண்டும். இன்னும் நல்லது, தவறே நேராதபடி செயற்கூற்றை அமைப்பது. கர்ல் பின்னாளில் 1 என்ற மதிப்பை ஏற்க மறுக்கும்படி மாற்றியது; அதற்கும் பிறகு 1ஐயும் 2 போலவே எடுத்துக்கொள்ளும்படி மாற்றியது.

மூன்றாவது, அறிவு ஒரே ஆளிடம் தங்கிவிடுகிறது. உங்கள் மூத்தவருக்கு அந்த நூலகத்தின் பழக்கவழக்கம் தெரிந்திருக்கலாம். அவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். பினாங்கில் எத்தனையோ அலுவலகங்களில் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

அவர் "மூல நிரலைப் படி" என்றது தவறான அறிவுரை இல்லை. ஆனால் குறையுள்ள அறிவுரை. மூல நிரல் என்ன செய்கிறது என்பதைக் காட்டும். என்ன செய்வதாக வாக்குக் கொடுத்தது என்பதைக் காட்டாது. புள்ளி விழுவது எழுதியவரின் நோக்கமா, கவனக்குறைவா என்று நிரலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்றைய நடத்தை நாளைய பதிப்பிலும் இருக்குமா என்பதும் தெரியாது. வாக்கு எழுத்தில் இருந்தால்தான் அதை நம்பி மேலே கட்ட முடியும்.

இத்தனைக்கும் ஏன் எழுத மாட்டேன் என்கிறார்கள்? நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூல (மூல நிரலை எல்லோரும் பார்க்கவும் திருத்தவும் விடும்) மென்பொருள் கணக்கெடுப்பில், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணத்தைச் சந்தித்ததாக 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில், பங்களிப்பவர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணத்துக்கு அரிதாகவோ அல்லது ஒருபோதுமோ பங்களிப்பதில்லை என்றார்கள். இதில் நான் யாரையும் திட்டத் தயாராக இல்லை. இரவில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இலவசமாக நூலகம் எழுதும் ஒருவர் நமக்குக் கடன்பட்டவர் அல்லர். உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒற்றை வரி ஆவணம் கொடுக்கும் நிறுவனங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு, அவற்றை மன்னிக்க மாட்டேன். மற்றபடி இயற்கையான ஒரு காரணமும் இருக்கிறது. நிரலை மாற்றித் தவறு செய்தால், நிரலைத் தானாகச் சரிபார்க்கும் சோதனை நிரல் சிவப்பாகக் கத்தும். ஆவணம் பழசாகிப் போனால் யாருக்கும் சத்தம் கேட்காது. அதனால்தான் ரஸ்ட் மொழியில் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளையே சோதனையாக ஓட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கும். பைத்தானிலும் அதற்கு வழி நெடுநாளாக உண்டு. எடுத்துக்காட்டு பொய்யானால் அங்கேயும் சிவப்பு.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். இனி இப்படி ஓர் ஆவணம் எதிரே வந்தால், முதலில் உங்களுக்குத் தெரியாததை ஒரே கேள்வியாகத் தாளில் எழுதுங்கள். 'புரியவில்லை' என்று எழுதக் கூடாது. 'நீளம் எழுத்தாலா, குறியெண்ணாலா, பைட்டாலா?' என்று எழுத வேண்டும். இப்படி எழுத முடிந்துவிட்டால் ஆவணத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று பொருள். எழுத முடியவில்லை என்றால் அடிப்படையில் ஏதோ ஒன்றை இன்னும் படிக்க வேண்டும். ஆவணக் குறைக்கும் நம் குறைக்கும் இடையே கோடு போட எனக்குத் தெரிந்த ஒரே வழி இது.

அடுத்து அந்த நூலகத்தின் சோதனை நிரல்களைப் படியுங்கள். மூல நிரலைவிட அவை பேசும், ஏனென்றால் எழுதியவர் எதை எதிர்பார்த்தார் என்பது அங்கே இருக்கும். எதை எதிர்பார்க்கவே இல்லை என்பதும் தெரிந்துவிடும். சோதனைகளில் ஒரு தமிழ்ச் சொல், ஒரு சீனச் சொல், ஓர் அரபுச் சொல்கூட இல்லை என்றால் அது உங்களுக்கு எழுதிக் கொடுத்த எச்சரிக்கை. பிறகு நீங்களே பத்து வரியில் ஒரு சோதனை எழுதி ஓட்டுங்கள். நான் எந்த நூலகத்தைத் தொட்டாலும் ஒரு சிறு கோப்பை வைத்து முட்டிப் பார்க்கிறேன். புள்ளியில் முடியும் ஒரு தமிழ்ப் பெயர், 'ஏ/எல்' உள்ள ஒரு பெயர், மூன்றெழுத்துச் சீனப் பெயர், ஒன்றுமே இல்லாத வெற்றுரை, 1981இல் ஒரு தேதி. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் இரண்டு குறியெண்களாகவும் சேமித்து வைத்த இரண்டு சொற்களும் அதில் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த இரண்டையும் வேறு வேறு என்று சொல்லும் நூலகங்கள் ஏராளம்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட நூலகத்துக்குக் கேளுங்கள், உதவும். ஆவணமே இல்லாத நூலகத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத செயற்கூற்றைக்கூட இருப்பதாக அடித்துச் சொல்லிவிடக் கூடும். படிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அதற்கும் ஊகம்தான் மிச்சம். சொன்னதை ஓட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கண்டுபிடித்ததை உங்கள் மென்பொருள் முழுவதும் தெளித்துவிடவும் வேண்டாம். அந்த நூலகத்தை அழைக்கும் இடத்தை ஒரே கோப்பில் அடக்குங்கள், அந்தக் கோப்பின் தலையில் நீங்கள் கண்டதைத் தேதியோடு, நூலகத்தின் பதிப்பெண்ணோடு எழுதுங்கள். பதிப்பு மாறினால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அடுத்தவருக்குத் தெரியும்.

உங்கள் சான்றிதழைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் எழுத்து எல்லையில் வெட்ட ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் புள்ளி தப்பும். ஆனால் தம்பி, ஒரு குழந்தையின் பெயரைச் சான்றிதழில் வெட்டவே கூடாது. அந்தத் தாள் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டப்படும். தமிழ் எழுத்துகளில் 'ர' ஒல்லி, 'ண' அகலம். எழுத்தை எண்ணி இடத்தைக் கணக்கிடவே முடியாது. அச்சாகும் அகலத்தை அளந்து, மிஞ்சினால் எழுத்துருவைச் சிறிதாக்குங்கள், அல்லது இரண்டு வரியாக்குங்கள். திங்கட்கிழமை மூத்தவரிடம் முதலில் இதைப் பேசுங்கள். 'புரியவில்லை, அண்ணா' என்று தொடங்காமல், 13, 21, 61 என்ற மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவர் கேட்கும் விதமே மாறும்.

கடைசியாக, அந்த நூலகம் திறமூலம் என்று சொன்னீர்கள். அப்படியானால் ஆவணத் திருத்தம் ஒன்றை அனுப்புங்கள். நிரலைத் திருத்த வேண்டாம், ஆவணத்தை மட்டும் திருத்துங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றால் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு மாற்றுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். நான் எழுதுவதாக இருந்தால் அந்த ஒரு வரிக்குக் கீழே இதைச் சேர்ப்பேன்:

'நீளம் யூனிகோட் குறியெண்களால் அளக்கப்படுகிறது. தமிழ் போன்ற மொழிகளில் கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியெண்கள் இருக்கலாம். வெட்டும் இடம் எழுத்தின் நடுவில் விழக்கூடும். எடுத்துக்காட்டு: "முருகன்" என்ற சொல்லை 6இல் வெட்டினால் "முருகன" கிடைக்கும்.'